மின்காவலனின் தம்பி

9 செப்டம்பர் 2012

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். வீட்டுப் போன் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைப் போனில் பேசலாம் என்றால், எங்கள் கண்ணாடிக் கடை முதலாளிக்குக் கண்தான் மங்கல், காது பாம்புக்காது. அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

நேற்று டிவியில் நீங்கள் எழுதுகிற மின்காவலன் சீரியலின் மூன்றாவது சீசன் ஆரம்பித்தது. சில்லு திரும்பி வந்துவிட்டான். ஆற்றில் விழுந்தவனை யாரோ ஒரு படகுக்காரர் தூக்கினார், நினைவு தப்பிப் போயிருந்தான், இப்படி ஏதோ காரணம் சொன்னீர்கள். எனக்குச் சரியாகத் தெரியாது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அழவில்லை. "பாத்தியா, அவ சொன்ன மாதிரியே வந்துட்டான்" என்றார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து உங்கள் தம்பியின் சட்டைகளை எல்லாம் எடுத்து வாளியில் ஊறவைத்தார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கொடி முழுக்க அவர் சட்டைகள் தொங்கின. தெருவில் போகிற நாலு பேர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்கள்.

முதல் சீசனை நினைத்துப் பார்க்கிறேன். கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தார் இவர். எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். மின்காவலனின் தம்பி என்று ஒருத்தன் வந்தான். வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தான். ஆறாத டீயை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு "பாத்துக்கலாம் விடு" என்றான். இவர் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "அடிப்பாவி அக்கா, என்னை அப்படியே திருடிட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். லீவு முடிகிறவரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் "நான்தான் சில்லு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாவது சீசன் முடிவில் சில்லுவைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினீர்கள். அதைப் படம் பிடித்தபோது இவர் உயிரோடு இருந்தார். அது சேனலில் வந்தபோது, கப்பல் கம்பெனிக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, புயலில் டெக்கிலிருந்து விழுந்துவிட்டார், தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. விதி என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தை உங்களுக்குப் போன் போட்டு அழுதபோது நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. "அம்மா, உடம்பக் காட்டினாங்களா? காட்டல இல்ல? எங்க வேலைல ஒரு விதி இருக்கு. உடம்பக் காட்டலன்னா அவன் சாகல. அடுத்த சீசன்ல வந்துடுவான்."

நீங்கள் சில்லுவைப் பற்றித்தான் சொன்னீர்கள். அத்தை யாரைப் பற்றி எடுத்துக்கொண்டார் என்று உங்களுக்கே தெரியும். இவருடைய உடம்பையும்தான் யாரும் காட்டவில்லை.

ஒருமுறை வாருங்கள். வந்து உங்கள் வாயால் அம்மாவிடம் சொல்லுங்கள், அவன் வரமாட்டான் என்று. நான் சொன்னால் மருமகளுக்கு அவசரம் என்று ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி


30 செப்டம்பர் 2012

என் தம்பி பெண்டாட்டிக்கு,

பெஞ்சைத் திட்டியாகிவிட்டது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், பிறகு என்னைத் திட்டு. முதல் சீசனில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். மழைக்காட்சிக்குத் தோட்டத்துக் குழாயைப் பிடித்தோம். மின்காவலனின் முகமூடி சைக்கிள் டியூபை வெட்டிச் செய்தது. ஹீரோவுக்கு வியர்த்தால் வழுக்கி வாய்க்கு வந்துவிடும். கம்பத்தில் ஏறி லைன் வேலை பார்க்கிற ஒருத்தன் மீது மின்னல் பாய்கிறது, கையில் மின்சாரம் வருகிறது, தண்ணீர் பட்டால் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. வாரம் ஒரு திருடன், வாரம் ஒரு தீ விபத்து. அவனைக் கேலி செய்ய ஒரு தம்பி வேண்டும் என்றார் பெரிசு. பெரிசு என்றால் எங்கள் தலைமைக் கதாசிரியர். எனக்குத் தெரிந்த தம்பி ஒருத்தன்தான், எழுதினேன்.

இப்போது கதையே வேறு. ஒரு மின்காவலன் போதாதாம், நாலு வீரர்கள் வேண்டுமாம். காற்றை அடக்குகிறவள், கல்லாய் மாறுகிறவன் என்று ஒரு கூட்டமே வந்துவிட்டது. திருடனைப் பிடித்தால் யாரும் பார்ப்பதில்லையாம், உலகம் அழிய வேண்டுமாம். ஒவ்வொரு சீசனும் முடிகிறபோது உலகம் அழியும், அடுத்த சீசன் தொடக்கத்தில் பால் பாக்கெட் வாங்கப் போவார்கள். இதில் யார் சாவதும் யார் பிழைப்பதும் நடிகரின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால்தான் பெரிசு அந்த விதியைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

அன்றைக்கு அம்மா போனில் அழுதபோது என் வாயில் வேலைதான் வந்தது. சில்லு வந்துவிடுவான் என்றால் கொஞ்சம் தூங்குவாள் என்று நினைத்தேன். தூங்கினாளா இல்லையா, நீயே சொல்.

சில்லுவை விடச் சொல்லாதே. சேனலுக்கு வருகிற கடிதத்தில் பாதி அவனுக்குத்தான் வருகிறது. வருகிறேன். இந்த சீசன் முடியட்டும், வந்து அம்மாவிடம் பேசுகிறேன்.

உன் நாத்தனார்


17 நவம்பர் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்றாவது சீசன் முடிந்தது, நான்காவதும் முடிந்தது. இப்போது ஐந்து. நீங்கள் வரவில்லை. கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்கிறது.

நான்காவது சீசனில் இன்னொரு உலகம் என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். அங்கே இன்னொரு மின்காவலன், இன்னொரு சில்லு. இரண்டு சில்லுவும் எதிரெதிரே நின்று ஒரே மாதிரி டீ குடித்தபோது நானே சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. "ரெண்டு பேர் இருக்கானுங்களே, ஒருத்தனையாவது நமக்கு அனுப்பக் கூடாதா" என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இப்போது அவனை வில்லனாக்கிவிட்டீர்களே. கறுப்பு உடுப்பு, கண்ணில் சிவப்பு, ஆஸ்பத்திரியைக் கொளுத்துகிறான். கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் அத்தையைப் பார்த்து, "என்ன, உங்க பையன் இப்ப கெட்டவனாயிட்டானாமே" என்று கேட்டுவிட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அத்தை படியிலேயே நின்று சண்டை போட்டார். "என் பையன் எறும்பு மேல கால் பட்டாக்கூட நின்னு பாத்துட்டுப் போறவன். அவனப் பத்தி நீ பேசாத" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது. கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்தேன்.

அன்றிலிருந்து சீரியலைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்கிறார். ஆனால் சத்தத்தைக் குறைக்க விடுவதில்லை. சில்லுவின் குரல் வரும்போது தலை தானாகத் திரும்புகிறது.

என் புருஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த பேரையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எதற்காக அண்ணி இப்படிச் செய்கிறீர்கள்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்தான்


8 டிசம்பர் 2014

என் தம்பி பெண்டாட்டிக்கு,

சில்லுவாக நடிக்கிறவர் வேறு சேனலுக்குப் போகிறேன் என்றார். நல்லவனாகவே நின்று நின்று கால் வலிக்கிறது, பெரிய வேடம் கொடுங்கள் என்றார். வில்லன் ஆக்கினால் இருப்பார், இல்லாவிட்டால் போவார். பெரிசும் வேறு சீரியலுக்குப் போய்விட்டார். இப்போது அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முடிவு நான் எடுத்ததுதான். கீழ்வீட்டு அம்மாவிடம் இதைச் சொல், போதும்.

உனக்கு மட்டும் மீதியைச் சொல்கிறேன்.

இந்த அறையில் ஆறு பேர் எழுதுகிறோம். மின்காவலன் வசனத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சில்லுவின் வசனத்தை யாருக்கும் தருவதில்லை. அதை எழுதும்போது எனக்கு அவன் குரல் கேட்கிறது. வேறு எப்போதும் கேட்பதில்லை, போட்டோவைப் பார்த்தால்கூடக் கேட்பதில்லை. நல்லவனுக்கு ஒரு எபிசோடில் நாலு வரி, வில்லனுக்கு நாற்பது வரி. நாற்பது வரி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

அதோடு எனக்கு அவன் மேல் கோபம். புயலில் எதற்கு டெக்குக்குப் போனான்? யாரையோ உள்ளே இழுத்துவிடப் போனானாம். இவன் என்ன பெரிய மின்காவலனா? வீட்டில் ஒரு அம்மா, ஒரு பெண்டாட்டி, தூரத்தில் ஒரு அக்கா. "பாத்துக்கலாம் விடு" என்று போய்விட்டான், இன்றுவரை நாம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோபத்தில்தான் ஆஸ்பத்திரியைக் கொளுத்த வைத்தேன். கொளுத்திய பிறகும் ஆறவில்லை.

அம்மாவிடம் சொல், அடுத்த சீசனில் திருந்திவிடுவான். கட்டாயம்.

உன் நாத்தனார்


21 ஆகஸ்ட் 2016

அன்புள்ள அண்ணிக்கு,

சில்லு திருந்திவிட்டான். அத்தைக்கு நிம்மதி. கீழ்வீட்டு அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏழாவது சீசனுக்கு விளம்பரம் போடுகிறார்கள். இப்போதெல்லாம் மின்காவலன் பறப்பதே இல்லை என்று முதலாளியின் மகன்கூடக் குறைப்பட்டுக்கொள்கிறான். ஒரு கிடங்குக்குள் எல்லோரும் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். ஹீரோவுக்குத் தொந்தி விழுந்துவிட்டது, உடுப்பைக் கறுப்பாக்கி மறைத்திருக்கிறீர்கள். எனக்கு என்னவோ இப்போதுதான் பிடிக்கிறது. அலுத்துப்போன மனுஷர்கள் பேசிக்கொள்வது மாதிரி இருக்கிறது.

எதையோ எழுத வந்து எதையோ எழுதுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிறவர் ஒருவர் இருக்கிறார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு லென்ஸ்கூட உடையவில்லை என்று நான் பார்த்து முடிக்கிறவரை நிற்பார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். போன மாதம், "உங்களுக்குச் சம்மதம்னா வீட்ல வந்து பேசட்டுமா" என்று கேட்டார். யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிங்க, எனக்கு அவசரம் இல்ல" என்றார்.

எனக்கு முப்பத்தைந்து வயது அண்ணி. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதுவும் உங்களிடம்.

அத்தையிடம் எப்படிச் சொல்வேன்? அவர் கணக்கில் என் புருஷன் உயிரோடு இருக்கிறார். புருஷன் இருக்கும்போதே இன்னொருத்தரோடு போகிறவள் என்றல்லவா ஆகும். சொல்லாமல் போகவும் மனசு வரவில்லை. எனக்கு அம்மா இல்லை, இத்தனை வருஷமாக அவர்தான் அம்மா. அவர் வாயால் "போ" என்று சொன்னால்தான் என் கால் படியிறங்கும்.

நான் சொன்னால் நம்ப மாட்டார், நீங்கள் வரவும் மாட்டீர்கள். ஆனால் உங்கள் விதியை நம்புவார். அதனால் ஒன்று கேட்கிறேன். சில்லுவைச் சாக விடுங்கள். இந்தத் தடவை உடம்பைக் காட்டுங்கள். முகத்தைக் காட்டுங்கள். அத்தை ஒருமுறை பார்த்து, ஒருமுறை அழுது முடிக்கட்டும். அதற்குப் பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி


11 செப்டம்பர் 2016

உனக்கு,

படித்தேன். இரண்டு வாரம் பதில் எழுத முடியவில்லை.

நீ போக வேண்டும் என்றால் போ. யாரும் உன்னைக் கட்டிப் போடவில்லை. நல்லவர் என்றால் சந்தோஷம். ஆனால் உனக்குக் கல்யாணம் ஆவதற்காக என் தம்பியை என் கையால் கொல்லச் சொல்லாதே. உனக்கு இன்னொரு புருஷன் கிடைப்பான். எனக்கு இன்னொரு தம்பி கிடைக்க மாட்டான்.

சேனலும் ஒத்துக்கொள்ளாது.

உன் நாத்தனார்


2 அக்டோபர் 2016

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் எழுதியதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

உங்கள் தம்பியோடு நான் வாழ்ந்தது லீவு லீவாக, எல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருஷம். இவர் அம்மாவோடு வாழ்வது இது ஒன்பதாவது வருஷம். அவருக்கு முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன், வரிசையில் நான்தான் நிற்கிறேன். யார் யாரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். அத்தை நலம்.


14 ஏப்ரல் 2018

என் தம்பி பெண்டாட்டிக்கு,

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதிய வரி எனக்கு மனப்பாடம். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மன்னிக்கச் சொல்லவில்லை.

மின்காவலன் முடிகிறது. இது எட்டாவது சீசன், இதுவே கடைசி. புதிதாக ஒரு பெண் வீராங்கனையை வைத்து வேறு சீரியல் ஆரம்பிக்கிறார்கள். முகமூடிகள் எல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பியாகிவிட்டது. முதல் சீசனில் இருந்தவர்களில் நானும் மேக்கப் அம்மாவும் ஹீரோவும் சில்லுவும்தான் மிச்சம். சேனல்காரர் வந்து, எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி முடித்துவிடுங்கள் என்றார். அப்படித்தான் எழுதவும் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, சில்லு மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்த மாதிரி தோன்றியது. கிழித்துப் போட்டேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

கடைசி எபிசோடில் வெள்ளம் வருகிறது. தண்ணீரில் இறங்கினால் மின்காவலனுக்குச் சக்தி போய்விடும். அதனால் சில்லு இறங்குகிறான். முதல் சீசனில் கேலி பேச வந்தவன், ஒரு சக்தியும் இல்லாதவன், அவனேதான் அண்ணனை வெளியே இழுத்துப் போடுகிறான். பிறகு அவனை ஒரு கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட காட்சியில் முகத்தை நாலு விநாடி காட்டிவிட்டு அழுகிறவர்கள் பக்கம் போய்விடுவோம். நான் டைரக்டரோடு சண்டை போட்டேன். கேமரா நகரக் கூடாது, வெட்டக் கூடாது, பார்க்கிறவர் போதும் போதும் என்று சொல்கிறவரை அவன் மேலேயே நிற்க வேண்டும் என்றேன். எடிட்டரோடும் சண்டை. அவர்களுக்குக் காரணம் தெரியாது. அம்மாவின் கண் மங்கல், நிதானமாகத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காட்சி எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷத்தில் என் தம்பிக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். தேம்பித் தேம்பி அழுதேன். சீரியல் முடிகிறதே என்று அழுகிறேன் என்று நினைத்து மேக்கப் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "வேற வேலை கிடைக்கும்மா" என்றார்.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி வருகிறது. அம்மாவோடு உட்கார்ந்து பார். அவள் அழுது முடித்த பிறகு உன் விஷயத்தைப் பேசு. அந்த லென்ஸ்காரரிடம் நான் கேட்டதாகச் சொல். காக்க வைத்ததற்கு நான்தான் காரணம் என்றும் சொல்.

உன் நாத்தனார்


3 ஜூன் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

பார்த்தோம். எழுத உடனே கை வரவில்லை.

அன்று அத்தை சீக்கிரமே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டு அம்மா வருகிறேன் என்றார், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றேன். சில்லு தண்ணீரில் இறங்கியபோது அத்தை என் கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தார். அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே கேமரா நகரவில்லை. அத்தை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் மனசுக்குள் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அத்தை சொன்னார், "மூச்சு விடறான்."

நானும் பார்த்தேன் அண்ணி. சட்டையின் இரண்டாவது பொத்தான் மெதுவாக ஏறி இறங்கியது. பாவம் அந்த நடிகர், எவ்வளவு நேரம்தான் அடக்குவார். வழக்கம்போல நாலு விநாடியில் வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவுக்காக என்று நீங்கள் நிறுத்தி வைத்ததால்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டேன். "அத்தை, அது நடிகர், மூச்சு விடத்தான் செய்வார். உங்க பையன் வரமாட்டார். அவர் செத்துட்டார்" என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நானும் வாயால் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அத்தை நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கம்பெனிக்காரன் வாசல்ல நின்னு தொப்பியக் கழட்டினானே, அப்பவே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அத்தை சட்டையெல்லாம் துவைச்சீங்க? எதுக்கு இத்தனை வருஷமா வருவான் வருவான்னு சொன்னீங்க?"

அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் வருவான்னு சொல்லிட்டிருந்தா நீயும் இருப்பே. அவன் போயிட்டான்னு ஒத்துக்கிட்டா உனக்கு இந்த வீட்ல என்ன வேலை? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவ அந்தப் பெட்டிக்குள்ள இருக்கா, வெளிய வர மாட்டேங்கறா. என் கூட இருந்தது நீ ஒருத்திதான். தனியா இருக்கப் பயமா இருந்துச்சும்மா."

கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்தான். கோபம் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனாலும் அவர் மடியில்தான் தலையை வைத்து அழுதேன். வேறு மடிக்கு எங்கே போவேன்? அவரும் அழுதார். உங்கள் தம்பியின் பேரைச் சொல்லி, குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். நீங்கள் நினைத்தது அந்த வகையில் நடந்துவிட்டது.

முகம் கழுவிவிட்டு வந்து, "அந்த லென்ஸ் கொண்டாறவர் நல்லவரா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் கடையில் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். "குடை குடுக்க வந்தவர் அரை மணி நேரமா வாசல்ல நிப்பாரு? எனக்குக் கண்ணு மங்கல்தான், குருடு இல்ல. பாத்துட்டுதான் பாக்காத மாதிரி இருந்தேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நானே பேசறேன். உன் வாழ்க்கையை நான் கெடுத்தது போதும்" என்றார்.

அண்ணி, உங்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு இந்த ஜனவரியில் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எத்தனை நாள்தான் ஒரு மனுஷர் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருப்பார்? கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நல்ல பெண், சிரித்த முகம். இப்போதும் லென்ஸ் கொண்டுவருகிறார். பெட்டியை வைத்துவிட்டு உடனே போய்விடுகிறார்.

அதை அத்தையிடம் எப்படிச் சொல்வேன்? ஆறு வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று தெரிந்தால் தாங்குவாரா? "சரி அத்தை, வரச் சொல்றேன்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லென்ஸ்காரருக்கு ஏதோ வேலையாம் என்றேன். அதனால் என்ன, அடுத்த வாரம் வரட்டும் என்றார். இன்றைக்கும் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருப்பார். யாராவது ஒருவர் வந்து அந்தக் கதவைத் தட்ட வேண்டும் அண்ணி. நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி